ஸ்படிகம் வாங்குமுன்: கல் எது, கண்ணாடி எது, அதனிடம் என்ன எதிர்பார்க்கலாம்

கோயில் வாசல் கடையில் ஸ்படிக மாலையைக் கையில் எடுப்பவர்கள் தவறாமல் கேட்பது, "இது ஒரிஜினல்தானே?" கடைக்காரரும் தயங்காமல் "ஒரிஜினல்தாங்க" என்பார். கேட்டவர் நினைப்பது மண்ணிலிருந்து வெட்டி எடுத்த கல்லை. சொன்னவர் நினைப்பது பிளாஸ்டிக் கலக்காத, பளபளப்புக் குறையாத சரக்கை. பேச்சு அதோடு முடிந்து பணம் கைமாறிவிடும்.

இணையத்தில் குழப்பம் இன்னும் அதிகம். ரோஜா நிறக் கல் உறவைச் சேர்க்கும், ஊதா மனதை அடக்கும், மஞ்சள் பணத்தை இழுக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் எழுதி, ஏழு சக்கரத்துக்கு ஏழு கல் என்று பெட்டி போட்டு விற்கிறார்கள். ஸ்படிகம் அணிந்தால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஜபத்துக்கோ தியானத்துக்கோ பூஜைக்கோ ஒரு கல்லை வைத்துக்கொள்வதை நான் மதிக்கிறேன். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் இருந்துவரும் பழக்கம் அது. அப்படி வாங்குகிறவர், கையில் இருப்பது என்ன பொருள், அது எப்படி உருவானது, அதனால் எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்து வாங்க வேண்டும். வேதியியல் படிக்காதவருக்கும் இது எளிதாகப் புரியும்.

## கல்கண்டும் குச்சி மிட்டாயும்

கல்கண்டு செய்யும் விதம் பலருக்குத் தெரிந்திருக்கும். கெட்டியான சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் நாள்கணக்கில் வைத்துவிடுவார்கள். பாகு மெல்ல ஆற ஆற நூலைச் சுற்றிக் கட்டிகள் வளரும். தட்டையான பக்கங்களும் கூரான ஓரங்களும் யாரும் செதுக்காமலே அமையும். அதே சர்க்கரையைக் காய்ச்சி, அச்சில் ஊற்றி, சட்டென்று ஆறவிட்டால் குச்சி மிட்டாய் கிடைக்கும். அதற்குச் சொந்த வடிவம் கிடையாது. அச்சு எப்படியோ அப்படித்தான் இருக்கும்.

இரண்டும் சர்க்கரைதான். பாகுக்குள் சர்க்கரையின் நுண்துகள்கள் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கின்றன. மெல்ல ஆறும்போது, ஒவ்வொரு துகளும் ஏற்கெனவே சேர்ந்து நிற்கும் துகள்களின் பக்கத்தில், பொருந்தும் கோணத்தில் போய் உட்கார நேரம் கிடைக்கிறது. வரிசைமேல் வரிசையாக அடுக்கு வளர்கிறது. அந்த உள் ஒழுங்குதான் வெளியே தட்டையான பக்கமாகத் தெரிகிறது. சட்டென்று ஆறினால் துகள்கள் அலைந்த இடத்திலேயே, தாறுமாறாக நின்றுவிடுகின்றன.

துகள்கள் இப்படி ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட திடப்பொருளுக்குப் படிகம் என்று பெயர். கல்கண்டு ஒரு படிகம். உப்பு, பனிக்கட்டி, வைரம் எல்லாமே படிகங்கள்தான். குச்சி மிட்டாய் படிகம் ஆகாது.

இதே கதைதான் கல்லிலும். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்தது சிலிக்கா. ஆற்று மணலில் பெரும்பங்கு இதுதான். பாறைப் பிளவுகளுக்குள் கொதிக்கும் வெந்நீர் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வந்து, மனிதர் கணக்குக்கு அடங்காத நிதானத்தில் ஆறும்போது, துகள்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து ஆறு பக்கத் தூண்களாக வளர்கின்றன. சிலிக்காவின் இந்தப் படிகத்துக்குக் குவார்ட்ஸ் என்று பெயர். நிறமே இல்லாமல் தெள்ளத் தெளிவாக இருக்கும் குவார்ட்ஸைத்தான் நாம் ஸ்படிகம் என்கிறோம்.

மணலைச் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உலையில் உருக்கி, வேகமாக ஆறவிட்டால் கண்ணாடி. அதிலும் சுமார் 70 சதவீதம் சிலிக்காதான். ஆக, கண்ணாடி மணியும் ஸ்படிக மணியும் பெரும்பாலும் ஒரே பொருளால் ஆனவை. அடுக்கில்தான் வேறுபாடு. கடையில் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

இங்கே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். சரவிளக்குகளிலும் ஷோகேஸ் பொம்மைகளிலும் 'கிரிஸ்டல்' என்று வருவது ஈய ஆக்சைடு போன்றவை கலந்த பளபளப்பான கண்ணாடி. ஸ்படிகத்துக்கும் அதற்கும் உறவில்லை. அப்புறம், இமயமலைப் பனி ஆயிரம் ஆண்டு உறைந்து ஸ்படிகம் ஆனது என்று சொல்வார்கள். இந்த எண்ணம் மிகப் பழையது. முதல் நூற்றாண்டில் ரோமாபுரி எழுத்தாளர் பிளினியும் கடுங்குளிரில் உறைந்த பனிதான் இது என்று எழுதி வைத்திருக்கிறார். பனி எத்தனை காலம் உறைந்தாலும் பனிதான். ஸ்படிகம் வெந்நீரில் பிறந்தது.

இதுவரை பார்த்தது: மெல்ல அடுக்கப்பட்டது படிகம், வேகமாக உறைந்தது கண்ணாடி. ஸ்படிகம் என்பது நிறமற்ற குவார்ட்ஸ்.

## ஒரே குடும்பத்தின் நிறங்கள்

கிரிஸ்டல் கடைகளில் அடுக்கியிருக்கும் வண்ணக் கற்களில் பெரும்பாலானவை இதே குவார்ட்ஸ்தான். அடுக்குக்குள் வேறு பொருள் இம்மியளவு நுழைந்தாலும் நிறம் மாறிவிடும். இரும்பு கொஞ்சம் சேர்ந்து, சுற்றியுள்ள பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் நெடுங்காலம் பட்டால் ஊதா. அதுதான் அமெதிஸ்ட், நம் செவ்வந்திக்கல். அலுமினியமும் கதிர்வீச்சும் சேர்ந்தால் புகை நிறம். மிக நுண்ணிய இளஞ்சிவப்பு இழைகள் உள்ளே பரவியிருந்தால் ரோஸ் குவார்ட்ஸ்.

அமெதிஸ்ட்டை 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் ஊதா போய் மஞ்சளாகும். சந்தையில் சிட்ரின் என்ற பெயரில், 'பணத்தை ஈர்க்கும் கல்' என்று விற்பதில் பெரும்பகுதி இப்படிச் சூடாக்கிய அமெதிஸ்ட். இயற்கை சிட்ரின் வெளிறிய மஞ்சளாக இருக்கும். அடியில் வெள்ளையும் நுனியில் அழுத்தமான ஆரஞ்சும் இருந்தால், அது சூளை பார்த்த கல் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அதுவும் உண்மையான குவார்ட்ஸ்தான், தாராளமாக வாங்கலாம். அரிய கல் என்று சொல்லி அதற்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

கல்லே இல்லாமல் கல்லின் பெயரில் வருபவையும் உண்டு. ஓபலைட், செர்ரி குவார்ட்ஸ், மினுமினுக்கும் துகள்கள் கொண்ட கோல்ட்ஸ்டோன் மூன்றும் கண்ணாடி. மலிவாகக் கிடைக்கும் நீலப் பச்சை டர்காய்ஸ் பெரும்பாலும் ஹௌலைட், மேக்னசைட் என்ற வெள்ளைக் கற்களுக்குச் சாயம் ஏற்றியது. பச்சை அவென்ச்சுரைன் என்பது பச்சை அபிரகத் துணுக்குகள் கொண்ட குவார்ட்ஸ். 'மரகத லிங்கம்' என்று மலிவாக யாராவது நீட்டினால் இந்தப் பெயர் நினைவுக்கு வரட்டும்.

ஆய்வகத்தில் வளர்த்த ஸ்படிகமும் இருக்கிறது. அடைத்த எஃகுக் கலத்துக்குள் அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும், பூமி செய்வதையே வாரக்கணக்கில் செய்து முடிக்கிறார்கள். மின்னணுத் தொழிலுக்காக வந்த முறை இது. அடுக்கு அச்சு அசலாக அதேதான் என்பதால் அதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பூமியில் விளைந்ததுதான் வேண்டும் என்பவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

## கேள்விப்படும் சோதனைகள்

"தண்ணீரில் போட்டால் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் அசல்" என்பது ஊரெல்லாம் சொல்லும் சோதனை. ஒளி ஒரு பொருளுக்குள் நுழையும்போது வளைகிறது. இரண்டு பொருள்கள் ஒளியை வளைக்கும் அளவு நெருங்கி இருந்தால் அவற்றுக்கு இடையே உள்ள விளிம்பு மங்கித் தெரியும். இந்த அளவு தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 1.52, ஸ்படிகத்துக்குச் சுமார் 1.54. தண்ணீருக்குள் கண்ணாடியும் ஸ்படிகமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மங்கும். இந்தச் சோதனையை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

"கனமாக இருந்தால் அசல்" என்பதும் அப்படியே. ஒரே அளவு தண்ணீரைப்போல் ஸ்படிகம் 2.65 மடங்கு கனம். சாதாரணக் கண்ணாடி சுமார் 2.5 மடங்கு. கைக்கு வித்தியாசம் தெரியாது. ஈயம் கலந்த கண்ணாடி ஸ்படிகத்தைவிடக் கனமாகவே இருக்கும்.

இருட்டில் இரண்டு மணிகளை உரசினால் ஒளி வரும் என்பது உண்மை. குவார்ட்ஸ் அப்படி ஒளிரும். கல்கண்டைக்கூட இருட்டு அறையில் இடுக்கியால் நொறுக்கிப் பாருங்கள், மெல்லிய நீல ஒளி வெட்டும். ஆனால் கடினமான வேறு சில பொருள்களும் உரசலில் ஒளிரும். அதோடு, புது மாலையின் மணிகளில் கீறல் விழும். எந்தக் கடைக்காரரும் இதற்குச் சம்மதிக்கமாட்டார், சம்மதிக்கவும் கூடாது.

தொட்டால் சில்லென்று இருக்கும் என்பது ஓரளவு உதவும். ஸ்படிகம் வெப்பத்தைக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்துகிறது. விரலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால் குளிர்கிறது. கண்ணாடி என்று உறுதியாகத் தெரிந்த, அதே அளவுள்ள ஒரு மணியையும் ஸ்படிகம் என்று சொல்லப்படும் மணியையும் ஒரே மேசையில் அரைமணி நேரம் வைத்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கன்னத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். ஒரு மணியை மட்டும் தொட்டுச் சொல்ல முடியாது. 'உடல் சூட்டை உறிஞ்சும்' என்ற பேச்சுக்கு வேர் இந்தக் குளிர்ச்சிதான். சற்று நேரம் கழுத்தில் கிடந்தால் மாலையும் உடல் சூட்டுக்கு வந்துவிடும். அதற்குமேல் அது எதையும் இழுப்பதில்லை.

## நம்பத் தகுந்த சோதனைகள்

முதலில் ஒரு பூதக்கண்ணாடி வாங்குங்கள். மணிக்குள் உருண்டையான காற்றுக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. ஸ்படிகத்துக்குள் மெல்லிய திரைபோல, இறகுபோல, புகைபோல வெண்மையான கோடுகள் இருக்கும். வளரும்போது உள்ளே சிக்கிக்கொண்ட நீர்த்துளிகளும் பின்பு மூடிக்கொண்ட விரிசல்களும் அவை. 108 மணியும் துளிக் குறையில்லாமல் ஒரே மாதிரி இருந்து, விலையும் குறைவு என்றால் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு சோதனைக்கு ஒரு புதிய சொல் தேவை. படிகத்தின் அடுக்கு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதனால் ஸ்படிகத்துக்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரிந்து, சற்றே வேறு வேறு வேகத்தில் போகிறது. இது இரட்டை ஒளிவிலகல். கண்ணாடிக்குள் ஒழுங்கு இல்லாததால் அங்கே இது நடக்காது.

பெரிய ஸ்படிக உருண்டை என்றால் வெள்ளைத் தாளில் மெல்லிய கோடு ஒன்று வரைந்து, அதன்மேல் உருண்டையை வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு நிலையில் கோடு இரண்டாகத் தெரியும். கண்ணாடி உருண்டையில் எப்படித் திருப்பினாலும் ஒரே கோடுதான்.

சின்ன மணிகளில் அந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதற்கு மடிக்கணினியும் போலராய்டு கூலிங் கிளாஸும் போதும். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிரும் ஒளி. போலராய்டு கண்ணாடியும் ஒரு தளத்து ஒளியை மட்டுமே விடும். திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, கூலிங் கிளாஸைத் திரைக்கு முன் மெல்லச் சுழற்றினால் ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அந்தக் கோணத்தில் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவில் மாலையைப் பிடியுங்கள். ஸ்படிக மணிகள் கறுப்பின் நடுவே ஒளிரும், பல மணிகளில் வானவில் வளையங்கள் தெரியும். கண்ணாடி மணிகள் இருண்டே இருக்கும். ஒன்றிரண்டு மணிகள் மங்கலாகத் தெரிந்தால் திருப்பிப் பாருங்கள். மணி நிற்கும் திசையைப் பொறுத்து ஒளி கூடும் குறையும். பிளாஸ்டிக்கும் இதில் வண்ணம் காட்டும், ஆனால் அதன் லேசான எடையும் குளிர்ச்சியின்மையும் காட்டிக் கொடுத்துவிடும். வீட்டில் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கல்லின் உள் ஒழுங்கை நேரே கண்ணால் பார்ப்பதற்குச் சமம்.

விலை உயர்ந்த லிங்கமோ பெரிய சிலையோ வாங்கும்போது இரத்தினக்கல் ஆய்வகச் சான்று கேட்பது நியாயம். சாதாரண மாலைக்கு அது தேவையில்லை. சான்றுக்கு ஆகும் செலவு மாலை விலையை நெருங்கிவிடக்கூடும்.

சுருக்கமாக: தண்ணீர், எடை, உரசல் மூன்றையும் விடுங்கள். குமிழியைத் தேடுங்கள், ஒப்பிட்டுத் தொடுங்கள், முடிந்தால் திரை முன்னால் பிடியுங்கள்.

## "கடிகாரத்தில்கூட இருக்கிறதே?"

ஸ்படிகத்துக்குச் சக்தி உண்டு என்பதற்குப் பலரும் காட்டும் சான்று குவார்ட்ஸ் கடிகாரம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1880ஆம் ஆண்டு பிரான்சில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தார்கள். அடுக்கு நசுங்கும்போது உள்ளே இருக்கும் நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்று விலகுவதால் இது நடக்கிறது. பெயர் அழுத்த மின்விளைவு. தலைகீழாகவும் நடக்கும்: மின்சாரம் கொடுத்தால் குவார்ட்ஸ் நெளியும். கடிகாரத்துக்குள் குட்டியான கவை வடிவக் குவார்ட்ஸ் துண்டு ஒன்று விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை எண்ணித்தான் கடிகாரம் நேரம் சொல்கிறது.

அதை அதிர வைப்பது பேட்டரி. பேட்டரியைக் கழற்றினால் அதிர்வு நின்றுவிடும். கழுத்தில் கிடக்கும் மணியை யாரும் அப்படி அழுத்துவதும் இல்லை, மின்சாரம் கொடுப்பதும் இல்லை. கொடுத்ததைத் திருப்பித் தரும் பொருள் குவார்ட்ஸ். தானாக எதையும் உற்பத்தி செய்வதில்லை.

சரி, கல்லைக் கையில் வைத்தால் கூச்சம்போல் ஏதோ ஓடுகிறது, உள்ளங்கை சூடாகிறது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் 2001இல் ஒரு மாநாட்டில் முன்வைத்த ஆய்வில் 80 பேர் கல்லைக் கையில் வைத்துத் தியானம் செய்தார்கள். பாதிப்பேருக்கு உண்மையான படிகம், மீதிப்பேருக்குப் போலி. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. இரு தரப்பினரும் ஒரே மாதிரி உணர்வுகளைச் சொன்னார்கள். என்னென்ன உணர்வு வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களுக்கு உணர்வும் அதிகம் வந்தது. எதிர்பார்ப்பே உடலில் உணர்வாக எழுவதை மருந்துப்போலி விளைவு என்பார்கள். உணர்வு உண்மையானது, ஆனால் அது கிளம்பிய இடம் கல் இல்லை.

அதே 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வேறோர் ஆய்வை ஜபம் செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை வைத்து, கத்தோலிக்க ஜெபமாலையின் லத்தீன் ஜெபத்தையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்தையும் சொல்ல வைத்து அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 முறை என்ற அளவுக்கு இறங்கியது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைந்து சீராக ஏறி இறங்கின. நெடுங்காலம் ஜபம் செய்தவர்கள் சொல்லும் அமைதிக்கு உடலில் ஓர் அடிப்படை இருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. ஜபமும் மூச்சும் சேர்ந்து செய்த வேலை அது. மணி எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்கிறது, மனம் விலகும்போது விரல் நுனியில் தட்டுப்பட்டு அழைத்து வருகிறது. துளசி, ருத்திராட்சம், சந்தனம், ஸ்படிகம் எதுவானாலும் இந்தப் பணியைச் செய்யும்.

நம் மரபிலேயே இதற்கு நெருக்கமான பார்வை இருக்கிறது. திருமந்திரத்தில் திருமூலர், வெயிலைக் குவித்துப் பஞ்சைப் பற்ற வைக்கும் சூரியகாந்தக் கல்லையும் பஞ்சையும் சொல்கிறார்: கல் தன்னைச் சுற்றியுள்ள பஞ்சைத் தானாகச் சுடாது, சூரியன் முன்னிலையில்தான் சுடும், குரு தோன்றும்போது மலங்கள், அதாவது உயிரைப் பற்றிய அழுக்குகள், அறுவதும் அப்படித்தான் என்கிறார். கல் தன்னளவில் எரிக்கும் பொருள் அன்று என்பதை அவர் எவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கிறார்!

மருத்துவம் பற்றி ஒரே வார்த்தை. மாலை அணியுங்கள், ஜபம் செய்யுங்கள், மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

## எதற்கு எதை வாங்குவது

தினமும் விரலால் உருட்டும் மாலைக்கு ஸ்படிகம் நல்ல தேர்வு. காரணம் அதன் கடினத்தன்மை, அதாவது கீறலைத் தாங்கும் திறன். 1812இல் ஜெர்மானியர் பிரீட்ரிக் மோஸ் வகுத்த 10 படி அளவுகோலில் வைரம் 10, குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5. வீட்டுத் தூசியில் மணல் துகள்கள், அதாவது குவார்ட்ஸ், கலந்திருக்கும். அதனால் 7க்குக் கீழே உள்ள கற்கள் துடைக்கத் துடைக்க மெல்ல மங்கும். ஸ்படிகம் மங்காது. பாட்டியின் ஸ்படிக மாலை இன்னும் பளபளப்பதும், போன வருடம் வாங்கிய கண்ணாடி மாலை கலங்கிப்போனதும் இதனால்தான்.

ஜபத்துக்கு உருண்டை மணி நல்லது. 'டைமண்ட் கட்' என்று பட்டை தீட்டியது அழகாக மின்னும், ஆனால் ஓரங்கள் ஒன்றோடொன்று உரசிச் சிதையும், நீண்ட ஜபத்தில் விரலையும் உறுத்தும். கட்டைவிரலும் நடுவிரலும் வசதியாக நகர்த்தும் அளவுள்ள மணியாகப் பாருங்கள். கழுத்தில் போட்டுக்கொண்டே வேலை பார்ப்பவர் சிறிய மணி எடுப்பது நல்லது, பெரிய ஸ்படிக மணிகள் 108 சேர்ந்தால் கழுத்துக்குக் கனம்.

பூஜைக்கு லிங்கம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இராமேசுவரத்தில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனம் கண்டவர்களாகவோ, சிதம்பரத்தில் ஸ்படிக லிங்க அபிஷேகம் பார்த்தவர்களாகவோ இருப்பார்கள். அபிஷேகத்துக்கு ஸ்படிகம் மிகவும் ஏற்றது. பால், தயிர், எலுமிச்சைச் சாறு எதுவும் குவார்ட்ஸை அரிக்காது. உள்ளே விரிசல் ஓடாத கல்லாகத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் விரிசலுக்குள் பால் புகுந்தால் வெளியே எடுக்க முடியாது.

தியானத்தில் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கல் என்றால் எந்தப் பட்டியலையும் பார்க்க வேண்டாம். பிடித்த நிறத்தில், கைக்குப் பொருந்தும் கல்லை எடுங்கள். இந்த நிறம் இந்தச் சக்கரத்துக்கு என்று கிரிஸ்டல் கடைகளில் ஒட்டியிருக்கும் அட்டவணை, அண்மைக் காலத்தில் மேற்கே வளர்ந்து இங்கே வந்து சேர்ந்தது. அதை ஆகமம்போல் பாவிக்கத் தேவையில்லை.

இந்தக் கற்களோடு நமக்குள்ள உறவு நீண்டது. நொய்யல் கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் குவார்ட்ஸ், பச்சைக்கல், சூதுபவளம் முதலியவற்றில் மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. தஞ்சாவூர் அருகே வல்லத்தில் கிடைத்த படிகக் கற்களை அரைத்து மூக்குக் கண்ணாடி வில்லைகள் செய்தார்கள். காங்கேயம் பக்கம் இன்றும் கல் பட்டை தீட்டும் தொழில் நடக்கிறது.

அந்தத் தொழிலைச் செய்கிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குவார்ட்ஸை உலர்ந்த நிலையில் அரைக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலில் படிந்து, தழும்பாகி, மூச்சை முடக்கும். சிலிகோசிஸ் என்ற இந்த நோய்க்கு முழுக் குணம் தரும் மருந்து கிடையாது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணி அரைக்கும் குடும்பங்களில் இது தலைமுறைகளாகப் பதிவாகியிருக்கிறது. அகேட்டும் குவார்ட்ஸ் வகைதான். தண்ணீர் விட்டு அரைத்து, தூளை உறிஞ்சும் விசிறியும் வைத்தால் பெருமளவு தடுக்கலாம். மொத்தமாக வாங்கி விற்பவர்களிடம் "எங்கே அரைத்தது, தண்ணீர் விட்டு அரைக்கிறார்களா?" என்று கேளுங்கள். பலருக்குப் பதில் தெரியாமல் இருக்கும். கேட்பவர்கள் கூடினால் அவர்களும் விசாரிக்கத் தொடங்குவார்கள். ஜபத்துக்கு எடுக்கும் மணியை அரைத்தவரின் மூச்சு, நான் 'ஒரிஜினல்தானா' என்று கேட்பதற்கும் முன்னால் கேட்க விரும்பும் விஷயம்.

## கழுவுவது, வைப்பது, கோப்பது

ஸ்படிகத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, மெல்லிய துணியால் துடைத்தால் போதும். கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள். சட்டென்று வெப்பம் மாறினால் விரிசல் விடும். பௌர்ணமி நிலவில் வைப்பது உங்கள் விருப்பம், கல்லுக்குக் கெடுதல் இல்லை. வெயில் அப்படியல்ல. அமெதிஸ்ட்டும் ரோஸ் குவார்ட்ஸும் நெடுநேரம் வெயிலில் கிடந்தால் வெளுக்கும். அதைவிட முக்கியம், தெளிவான ஸ்படிக உருண்டையை ஜன்னலோரம் வைக்காதீர்கள். அது பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்து, திரைச்சீலையையோ காகிதத்தையோ பற்ற வைத்துவிடும்.

'எல்லாக் கல்லையும் உப்புத் தண்ணீரில் ஊற வை' என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள். செலினைட் மோஸ் அளவில் 2, நகத்தால் கீறலாம், தண்ணீரில் மெல்லக் கரையும். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை, எலுமிச்சையும் வினிகரும் அவற்றை அரிக்கும். பச்சை மலகைட்டில் செம்பு, கலீனாவில் ஈயம், சின்னபாரில் பாதரசம் இருக்கிறது. கல் ஊறிய தண்ணீரைக் குடிக்கச் சொல்லும் பழக்கம் இந்தக் கற்களில் ஆபத்து. குவார்ட்ஸுக்கு அந்த ஆபத்து இல்லை, ஆனால் சாயம் ஏற்றிய கல்லா என்று தெரியாதபோது எதையும் குடிநீரில் போடாமல் இருப்பதே நல்லது. உருட்டிய சின்னக் கற்களைக் குழந்தைகள் வாயில் போடும். உயரமான இடத்தில் வையுங்கள்.

மாலையில் முதலில் தேய்வது நூல்தான். துளையிட்ட இடத்தில் ஸ்படிகத்தின் விளிம்பு கூராக இருக்கும், தினமும் உருட்டும்போது நூலை அறுத்துக்கொண்டே வரும். வாங்கும்போது துளை விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு மணிக்கும் இடையில் முடிச்சுப் போட்டுக் கோத்துத் தரச் சொல்லுங்கள். நூல் அறுந்தால் ஒரு மணிதான் விழும், மற்றவை அப்படியே நிற்கும். மணிகள் ஒன்றோடொன்று உரசாமலும் இருக்கும். நூல் பிசிறு விடத் தொடங்கியதும் புதிதாகக் கோத்துவிடுங்கள்.